குல்மார்க்கா, ஔலியா, மணாலியா?

தமிழில் பனி என்பது ஒரே சொல்தான். மார்கழி விடியலில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் வெண்புகையாய்ப் படர்ந்து, தாம்பரம் – வேளச்சேரி சாலையில் வரும் வண்டிகளின் விளக்குகளை மங்கச் செய்வதும் பனிதான். இமயத்தின் சரிவுகளில் ஆளுயரத்திற்குக் குவிந்து கிடப்பதும் பனிதான். காஷ்மீர மொழியிலோ வானிலிருந்து விழும் வெண்பனிக்கு 'ஷீன்' என்று தனிப்பெயர் உண்டு. நமக்கு அத்தகைய தனிச்சொல் தேவைப்படாமலே போயிற்று. அதனைக் கண்ணால் கண்டவர் நம்மில் அத்துணைக் குறைவு.

அண்மைக் காலமாக அந்நிலை மாறி வருகிறது. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி நம் சதுப்பு நிலத்தில் வந்திறங்கும் அதே பருவத்தில், நம் புறநகர்க் குடும்பங்கள் பெட்டி படுக்கைகளுடன் அக்குளிரைத் தேடி வடக்கே புறப்படுகின்றன. பறவைகளுக்கு வழி தெரியும். மனிதர்களுக்குத்தான் எங்கே செல்வது என்னும் குழப்பம். பனிச்சறுக்கு விளையாட்டிற்கென இந்தியாவில் பெயர் பெற்ற இடங்கள் மூன்று: காஷ்மீரத்தின் குல்மார்க், உத்தரகாண்டின் ஔலி, இமாசலப் பிரதேசத்தில் மணாலியை அடுத்த சோலாங் பள்ளத்தாக்கு. சுற்றுலா நிறுவனங்களின் வண்ணத் தாள்களைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். வெள்ளை மலை, சிவப்புச் சட்டையணிந்த இளைஞர், நீல வானம்! வேறுபாடெல்லாம் அந்தத் தாளில் அச்சிடப்படாத செய்திகளில்தான் இருக்கிறது.

எங்கள் இல்லத்தில் இதுபற்றிய விவாதம் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தது. மூன்றாண்டுகள் கட்டிய சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. என் தாயாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. இத்தகைய பயணம் அவர்களுக்கு இன்னொரு முறை வாய்க்குமா என்பது இறைவனுக்கே வெளிச்சம். கல்லூரியில் பயிலும் மகனுக்குப் பனிச்சறுக்குக் கற்க வேண்டும்; ஏழாம் வகுப்பு மகளுக்குப் பனியில் பொம்மை செய்ய வேண்டும்; தாயாருக்கோ வானிலிருந்து அது விழுவதை ஒரு முறை பார்த்தால் போதும். "மணாலி" என்று என் மனைவி சொன்னபோது, "மணலிக்கா? அங்கே எண்ணெய் ஆலைதானே இருக்கிறது? அதைப் பார்க்கவா இவ்வளவு பணம்?" என்று அவர்கள் கேட்டது இன்றும் எங்கள் வீட்டில் சிரிப்பிற்குரிய பேச்சாக இருக்கிறது.

முதலில் மணாலியையே எடுத்துக்கொள்வோம். மூன்றனுள் நம்மவர் மிகுதியாகச் செல்வது இங்குதான். மணாலி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து 13 கிலோமீட்டர் தொலைவில் சோலாங். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதிலிருந்து, சோலாங்கில் பனி இல்லையெனினும் சுரங்கத்தைக் கடந்து லாஹௌல் பக்கம் சென்று பனியைத் தொட்டுத் திரும்பலாம் என்னும் வசதி ஏற்பட்டுவிட்டது. இது பெரிய வசதிதான். பெரிய தொல்லையும் அதுவே. வண்டிகளெல்லாம் ஒரே குகை வாயிலை நோக்கிப் படையெடுக்கின்றன. 2024 டிசம்பர் இறுதியில் பெரும்பனி பொழிந்தபோது, சோலாங்கிற்கும் சுரங்கத்திற்கும் இடையே சிக்கிய ஆயிரக்கணக்கான பயணிகளைக் காவல்துறையினர் மீட்க நேர்ந்தது. மழைக்காலத்தில் பியாஸ் நதி பெருகிச் சாலையை அறுத்துச் செல்வதும் உண்டு. 2023 ஜூலையிலும் 2025 ஆகஸ்டிலும் அவ்வாறு நிகழ்ந்தது. எனினும் முறையாகக் கற்க விரும்பும் இளைஞருக்கு மணாலி குறைந்ததன்று. அங்குள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1961 முதல் இயங்கி வருவது. 2018ஆம் ஆண்டு துருக்கியில் நடைபெற்ற போட்டியில் வெண்கலம் வென்று, பன்னாட்டுப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் தேடித் தந்த ஆஞ்சல் தாக்கூர் என்னும் பெண்மணி இப்பகுதியைச் சேர்ந்தவரே.

ஔலியின் அழகு வேறு வகையானது. கூட்டம் குறைவு, சரிவுகள் நீண்டும் ஒழுங்காகவும் அமைந்தவை, எதிரே 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவிச் சிகரம். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் இங்கே நடைபெற்றன. கர்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் 7 நாள், 14 நாள் பயிற்சி வகுப்புகளை நடத்திப் பலரை உருவாக்கியுள்ளது. கற்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாயின், ஔலியே சிறந்தது என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் செல்லும் வழி நெடியது. ரிஷிகேஷிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஒரு பகல் முழுதும் வளைந்து வளைந்து ஏறி ஜோஷிமடத்தை அடைய வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியவரை அப்பாதையில் அழைத்துச் செல்ல எனக்குத் துணிவில்லை. ஜோஷிமடத்திலிருந்து ஔலிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட ஊர்திதான் ஒரு காலத்தில் இப்பயணத்தின் சிறப்பு. 2023 ஜனவரியில் அந்நகரின் நிலம் அமிழ்ந்து, 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டபோது அது நிறுத்தப்பட்டது. பழைய நிலச்சரிவின் குவியல்மேல் அந்நகரம் அமைந்துள்ளது என்றும், கனத்த கட்டுமானங்கள் கூடாது என்றும் 1976லேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. கட்டடங்கள் எழுந்துகொண்டே இருந்தன.

இதனைப் பள்ளிக்கரணைவாசிகளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் நம் சதுப்பு நிலத்தில், 2022இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்தான். அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். மீதி இடத்தில் நாம் குடியிருக்கிறோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் தன் பழைய இடத்தைக் கேட்டு வந்ததை மறக்க முடியுமா? விரிசல் விட்ட சுவர்களுக்கிடையே வாழும் மக்களின் நகரைக் கடந்து விளையாடச் செல்வதில் தவறேதும் இல்லை. அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். ஆயினும் அங்கே செல்வதாயின் இளைஞர்களாகச் செல்லுங்கள், போதிய நாட்களுடன் செல்லுங்கள், ஊர்தியும் சாலையும் எந்நிலையில் உள்ளன என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இனி குல்மார்க். கௌரிமார்க் என வழங்கிய இவ்விடத்திற்கு, 'மலர்ப் புல்வெளி' எனப் பொருள்படும் இன்றைய பெயரைச் சூட்டியவர் பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தை ஆண்ட சுல்தான் யூசுப் ஷா சக். கோடையில் அது மலர்ப் புல்வெளி. குளிர்காலத்தில் அதே கிண்ணம் போன்ற சமவெளி வெள்ளைப் போர்வைக்குள் மறைந்துவிடும். 1927இல் ஆங்கிலேயர் இங்கே பனிச்சறுக்குச் சங்கம் அமைத்தனர். 1998இல் கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் முதற்கட்டமும், 2005இல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்டன. 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கிலிருந்து முதற்கட்டம் சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள கோங்டூரிக்கும், இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் உயரத்திலுள்ள அஃபர்வட் மலைத்தோளுக்கும் ஏற்றிச் செல்கின்றன.

இந்த எண்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பள்ளிக்கரணை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள ஊர். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, நம் ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். காலையில் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, மறுநாள் காலையில் அஃபர்வட்டில் நின்றால் தலைவலியும் குமட்டலும் வருவது வியப்பன்று. இதய நோய், இரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உடையவர்கள் மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் இரண்டாம் கட்டத்தை நினைக்கவே கூடாது. 1,585 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்ரீநகரில் முதலில் இரண்டு இரவுகள் தங்குவது உடலுக்கும் நல்லது, உள்ளத்திற்கும் நல்லது. அஃபர்வட்டின் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கே உரியவை. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் அம்மலைப் பகுதியில் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் உயிரிழந்தனர். புதிதாகக் கற்பவர்களுக்குக் கீழேயுள்ள சமவெளியின் மென்சரிவுகளே போதும். பலகையைக் காலில் மாட்டி, விழாமல் பத்தடி நகர்வதற்கே முதல் நாள் கழிந்துவிடும் என்கிறார்கள்.

என் மகனின் வாதத்திற்கு வலுச் சேர்த்தவர் ஆரிஃப் கான். குல்மார்க்கின் அடிவாரமான டங்மார்க் பகுதியைச் சேர்ந்த இவர், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரர். அவருடைய தந்தை குல்மார்க்கில் சறுக்குக் கருவிகள் விற்கும் கடை வைத்திருந்தவர். "அத்தா, ஒலிம்பிக் வீரர் விழுந்து எழுந்த அதே பனியில் நானும் விழ வேண்டும்" என்றான் மகன். விழுவதில் அவனுக்கு எந்தச் சிரமமும் இருக்காது என்றாள் அவன் தங்கை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் காஷ்மீரப் பயணத்தைப் பேசுவது நேர்மையாகாது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமை அடுத்த பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர், பயணிகளைக் காக்க முனைந்த உள்ளூர்க் குதிரைக்காரர். அதன்பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அங்கே ஒன்றுமே நடக்காது என்று உறுதி கூற எவராலும் இயலாது. புறப்படுமுன் அரசின் அறிவிப்புகளைப் பாருங்கள்; திறந்துள்ள இடங்களுக்கு மட்டுமே செல்லுங்கள். அதே மண்ணில் 2024 டிசம்பர் இறுதியில் நிகழ்ந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோனாமார்க்கிலிருந்து திரும்பிய பஞ்சாப் பயணிகள் சிலர் கடும் பனிப்பொழிவில் குண்டு என்னும் சிற்றூரில் சிக்கிக்கொண்டனர். தங்குவதற்கு இடமில்லை. ஊர் மக்கள் தங்கள் ஜாமிஆ பள்ளிவாசலைத் திறந்து அவர்களை இரவு முழுதும் தங்கவைத்தனர். அப்பள்ளியில் ஹமாம் இருந்ததால் தரை விடியும்வரை வெதுவெதுப்பாக இருந்தது.

இந்த ஹமாம் பற்றிச் சொன்னதும்தான் என் தாயாரின் முகம் மலர்ந்தது. முதல் நாளிலிருந்தே அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: "ஏம்ப்பா, அந்தக் குளிரில் ஒளூ செய்ய வெந்நீர் கிடைக்குமா?" காஷ்மீரப் பள்ளிவாசல்கள் பலவற்றில் கற்பலகைத் தரைக்கு அடியில் விறகு எரித்துச் சூடேற்றிய அறையும் வெந்நீரும் உண்டு. 2024 டிசம்பர் 21 அதிகாலையில் ஸ்ரீநகரின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 8.5 டிகிரி வரை இறங்கியது என்றால், அந்த அறையின் அருமையை எண்ணிப் பாருங்கள். பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகையும், தோலாலான காலுறையின்மேல் மூன்று இரவு பகல் மஸ்ஹு செய்யும் சலுகையும் மார்க்கத்தில் உள்ளன. அவற்றின் நிபந்தனைகளை உங்கள் ஆலிம்களிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலப் பகல் மிகக் குறுகியது. மாலை ஐந்தரைக்கெல்லாம் மஃரிப் வந்துவிடும். சறுக்கு மைதானத்திலிருந்து எப்போது திரும்புவது என்பதை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. பனி பொய்த்துவிட்டால் என் செய்வது? இது வீண் அச்சமன்று. 2024 ஜனவரியில் ஏறத்தாழ மாத இறுதிவரை குல்மார்க் வெறும் பழுப்புப் புல்லாய்க் கிடந்தது. படங்களைப் பார்த்து நாடே திகைத்தது. 2025இல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனியின்மையால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. ஔலியிலும் 2023இல் தேசியப் போட்டிகள் இதே காரணத்தால் கைவிடப்பட்டன. ஆகவே, எங்கே பனி அழகு என்று கேட்பதைவிட, பனி இல்லையெனில் எங்கே பயணம் வீணாகாது என்று கேட்பதே அறிவுடைமை என எனக்குப் பட்டது. இக்கேள்விதான் எங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்துவைத்தது.

பனியற்ற ஔலியில் நந்தா தேவியின் காட்சி மிஞ்சும். மணாலியில் சுரங்கமும் கடைத்தெருவும் மிஞ்சும். குல்மார்க் பொய்த்தால், 50 கிலோமீட்டரில் ஸ்ரீநகர் இருக்கிறது. 370 தேவதாரு மரத் தூண்கள் தாங்கி நிற்கும் ஜாமிஆ மஸ்ஜித், ஜீலம் கரையில் ஷா ஹமதான் அவர்களின் பெயரால் விளங்கும் மரத்தாலான கான்காஹ், தால் ஏரிக்கரையில் ஹஸ்ரத்பால். அதிகாலையில் பழைய நகரக் கடைகளில் கிடைக்கும் ஹரீஸா, இரவெல்லாம் ஆட்டிறைச்சியைக் கடைந்து கடைந்து கூழாக்கிய குளிர்கால உணவு. உப்பிட்ட இளஞ்சிவப்புத் தேநீர் மட்டும் நம் நாவிற்குப் பழகச் சற்று நாளாகும். உணவைப் பற்றி யாரையும் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு வாரம் கழிவது, குடும்பத்தோடு வெளியூர் செல்லும் இல்லத்தரசிகளுக்கு எத்துணை நிம்மதி என்பதை அவர்களே அறிவர்.

துபாயிலுள்ள மச்சான் தொலைபேசியில் நான்காவது யோசனை ஒன்றைச் சொன்னார். 2005 முதல் அங்கே ஒரு பேரங்காடிக்குள்ளேயே பனிச்சறுக்குக் கூடம் இயங்குகிறது. வெளியே பாலைவெயில், உள்ளே பூஜ்யத்திற்குக் கீழே குளிர். பனி பொய்க்கும் என்ற கவலையே இல்லை! குழந்தைகளுக்கு அது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வி.ஜி.பி.யின் செயற்கைப் பனிக்கூடம் இருக்கிறதே! வானிலிருந்து விழுவதைப் பார்க்க விரும்பும் மூதாட்டிக்கு அவையெல்லாம் குளிர்பதனப் பெட்டிக்குள் நுழைந்து வந்ததற்கு ஒப்பாகும்.

எப்போது செல்வது என்பதிலும் நம்மவர்க்கெனச் சில தனிக் கணக்குகள் உள்ளன. அரையாண்டு விடுமுறையில் கிளம்புவோரே மிகுதி. காஷ்மீரத்தில் கடுங்குளிரின் நாற்பது நாட்களான சில்லா-இ-கலான் தொடங்குவதே டிசம்பர் 21 அன்றுதான். அப்போது பனி திரண்டிருக்கும் என்ற உறுதி இல்லை, விமானக் கட்டணமோ உச்சத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை முற்றும் ஓயாத டிசம்பரில், பள்ளிக்கரணையில் தரைத்தளத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்ல யாருக்கு மனம் வரும்? பனி நன்கு திரண்டிருப்பது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை. ஆனால் 2027இல் ரமலான் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டியும், 2028இல் ஜனவரி இறுதியிலும், 2029இல் ஜனவரி நடுவிலும் பிறையைப் பொறுத்துத் தொடங்கும். பயணிக்கு நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை இருப்பினும், விளையாட்டுப் பயணத்திற்காக அம்மாதத்தை வெளியூரில் கழிக்க நம் இல்லங்களில் பலர் விரும்ப மாட்டார்கள். ஆக, பொங்கல் விடுமுறையோடு பள்ளியில் இரண்டு மூன்று நாள் விடுப்பும் சேர்த்துக்கொண்டு புறப்படுவதே இரண்டொரு ஆண்டுகளுக்கு நமக்கு வாய்த்த வழி. அதன்பின் நாட்காட்டி இன்னும் நெருக்கும்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள். பிற மாநிலங்களின் முன்கட்டணச் செல்பேசி இணைப்புகள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை. ஒருவரிடமாவது பின்கட்டண இணைப்பு இருக்க வேண்டும். கோண்டோலாச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். காற்று மிகுந்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்காகச் சண்டையிட வேண்டாம். முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கனத்த மேலங்கியும் டங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாரத்திற்காகப் பணத்தைக் கொட்டி வாங்கத் தேவையில்லை. பனி பெய்திருந்தால் டங்மார்க்கிலிருந்து மேலே செல்லச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். விமானத்தை விரும்பாதவர்கள் சென்னை சென்ட்ரலிலிருந்து அந்தமான் விரைவு வண்டியில் கத்ராவரை சென்று, 2025 ஜூன் முதல் ஓடும் வந்தே பாரத் வண்டியில் செனாப் பாலத்தைக் கடந்து ஸ்ரீநகரை அடையலாம். முதியவர்களுக்கு அது நெடும்பயணம் என்பதால் நாங்கள் தில்லி வழியாக விமானத்தையே தேர்ந்தோம்.

பொங்கலுக்கு மறுநாள் புறப்பாடு. ஸ்ரீநகரில் இரண்டு இரவு, குல்மார்க்கில் மூன்று, திரும்புகையில் மீண்டும் ஸ்ரீநகரில் ஒன்று. பனியால் விமானம் தடைப்பட்டால் இருக்கட்டும் என்று மேலும் ஒரு நாள். மகன் மூன்று நாளும் சமவெளியில் பயிற்சியாளரிடம் கற்பான். தாயார் கோண்டோலாவின் முதற்கட்டத்தோடு இறங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர் விதித்த நிபந்தனை, அவர்களும் தலையசைத்துவிட்டார்கள். தோலாலான காலுறை இரண்டு இணை துபாயிலிருந்து அனுப்பிவைப்பதாக மச்சான் சொல்லியிருக்கிறார்.